பிரிட்டன் இடைத்தேர்தல்களும் ஊர்ப்பற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், இது லங்காஷயரா யார்க்‌ஷயரா என்று இன்றும் வாதாடும் ஒரு பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். படிக்க வரும் பிள்ளைகள், மருத்துவமனை வேலைக்கு வரும் தங்கைகள், ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கிப்போகும் பெரியவர்கள் எனப் பலரும், வாசலில் வந்து விழுந்த தேர்தல் துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் இவை. பொதுத்தேர்தலைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தொகுதியிலோ ஒரே ஒரு வார்டிலோ நடக்கும் தேர்தலைப் பற்றித் தமிழில் அதிகம் கண்ணில் படுவதில்லை. ஆனால் லண்டனில் உட்கார்ந்து ஒருவர் வரைபடத்தில் கோடு கிழிக்கும்போது, அதற்கான பதில் பெரும்பாலும் இந்தச் சின்னத் தேர்தல்களில்தான் வந்து சேர்கிறது.

இடைத்தேர்தல் எப்போது வரும்?

எம்.பி. இறந்தாலோ, விலகினாலோ, தகுதி இழந்தாலோ, மக்களே திரும்ப அழைத்தாலோ வரும். கட்சி மாறினால் வராது. பழைய கட்சியின் வாக்குகளோடு புதிய கட்சியின் வரிசையில் போய் உட்காரலாம். தேதி குறிக்கும் வேலையைத் தேர்தல் ஆணையம் செய்வதில்லை. அந்த இடத்தை வைத்திருந்த கட்சியின் கொறடா மக்களவையில் தீர்மானம் கொண்டுவருவார். மூன்று மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது மரபு. வாக்குப்பதிவு ஏறக்குறைய எப்போதும் வியாழக்கிழமை, காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை.

எம்.பி.யால் ராஜினாமா செய்ய முடியாது என்கிறார்களே?

உண்மை. 1624-இல் மக்களவை போட்ட தீர்மானப்படி உறுப்பினர் தானாக விலக முடியாது. ஆனால் அரசரிடம் சம்பளப் பதவி வாங்கியவர் உறுப்பினராக நீடிக்கவும் முடியாது. ஆகவே விலக விரும்புபவருக்கு ஒரு பெயரளவுப் பதவியைக் கொடுக்கிறார்கள். ஒன்று சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பகுதியின் காரியக்காரர் பதவி. மற்றொன்று நார்த்ஸ்டெட் பண்ணையின் காரியக்காரர் பதவி. இரண்டிலும் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. நார்த்ஸ்டெட் இருந்த இடம் யார்க்‌ஷயரின் ஸ்கார்பரோ. அந்த நிலத்தில் இன்று பீஸ்ஹோம் பூங்கா இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படகு ஓட்டலாம்.

வாக்காளர்கள் எம்.பி.யைத் திரும்ப அழைக்க முடியுமா?

நினைத்தபோதெல்லாம் முடியாது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எம்.பி.க்குச் சிறைத்தண்டனை கிடைத்தாலோ, அவையிலிருந்து குறைந்தது பத்து அமர்வு நாள் நீக்கப்பட்டாலோ, படிக்கணக்கில் பொய் சொல்லித் தண்டனை பெற்றாலோதான் மனு திறக்கப்படும். ஆறு வாரத்துக்குள் தொகுதி வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் இடம் காலி. 2018-இல் வடக்கு அயர்லாந்தின் நார்த் ஆன்ட்ரிமில் 9.4 விழுக்காடு வந்து நின்றுபோனது, எம்.பி. தப்பினார். அடுத்த ஆண்டு வேல்ஸின் பிரெக்கன் அண்ட் ராட்னர்ஷயரில் கிட்டத்தட்ட 19 விழுக்காட்டினர் கையெழுத்திட்டார்கள். நீக்கப்பட்டவரையே கன்சர்வேட்டிவ் கட்சி மறுபடி நிறுத்தியது. வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியும் பசுமைக் கட்சியும் ஒதுங்கி வழிவிட, லிபரல் டெமாக்ரட்டின் ஜேன் டாட்ஸ் வென்றார்.

ஆளுங்கட்சிதானே இடைத்தேர்தலில் ஜெயிக்கும்?

இங்கே பெரும்பாலும் தலைகீழ். ஆட்சி மாறாது என்ற தைரியத்தில் மக்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். 1962 மார்ச்சில் லண்டனை ஒட்டிய ஆர்ப்பிங்டனில், 14,760 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் வைத்திருந்த இடத்தை லிபரல் கட்சியின் எரிக் லப்பக் 7,855 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். 2025 மே 1 அன்று ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பியில் லேபர் கட்சியின் 14,696 வாக்கு முன்னிலை ஒரே வருடத்தில் கரைந்து, ரிஃபார்ம் யுகே கட்சியின் சாரா போச்சின் வென்றார். வித்தியாசம் 6 வாக்கு. ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி வாக்களிக்கப் போகாமல் இருந்தால் அதுவே ஆறு. "நம்ம ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது" என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது.

இதில் ஊர்ப்பற்றும் வட்டார அடையாளமும் எங்கே வருகின்றன?

இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. வேல்ஸின் கார்மார்தன் தொகுதிக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

வடக்கு வேல்ஸில் ட்ரவெரின் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே கப்பெல் கெலின் என்ற சிற்றூர். வெல்ஷ் மொழி மட்டுமே புழங்கிய ஊர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரசபைக்கு நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. வேல்ஸின் எந்த உள்ளாட்சியிடமும் ஒப்புதல் கேட்காமல், நேரே நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் 1957-இல் சட்டம் நிறைவேறியது. 1965-இல் ஊர் நீருக்குள் போனது. பள்ளி, தபால் நிலையம், தேவாலயம், இறந்தவர்களைப் புதைத்த நிலம் எல்லாமே போயின. "ட்ரவெரினை மறவாதே" என்று வெல்ஷ் மொழியில் கிறுக்கப்பட்ட ஒரு பழைய சுவர் லான்ரிஸ்டட் அருகே சாலையோரத்தில் இன்றும் நிற்கிறது. யாராவது சேதப்படுத்தினால் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிக் கட்டி எழுப்புகிறார்கள்.

சொந்த நாட்டின் எம்.பி.க்கள் அத்தனை பேர் சேர்ந்தும் ஒரு சிற்றூரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் அந்தப் பிரதிநிதித்துவத்துக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியோடு ஊர் ஊராகப் போனவர்களில் ஒருவர், பிளைட் கம்ரி கட்சித் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ். 1966 மார்ச் பொதுத்தேர்தலில் கார்மார்தனில் அவருக்குக் கிடைத்தது மூன்றாமிடம். இரண்டு மாதத்தில் அந்தத் தொகுதியின் எம்.பி. மேகன் லாயிட் ஜார்ஜ் இறந்தார். முன்னாள் பிரதமர் டேவிட் லாயிட் ஜார்ஜின் மகள் அவர். ஜூலை 14 அன்று நடந்த இடைத்தேர்தலில் எவன்ஸ் 2,436 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பிளைட் கம்ரியின் முதல் எம்.பி. மூன்றரை மாத இடைவெளியில், அதே மக்கள், அதே வேட்பாளர். ஆட்சியைத் தீர்மானிக்கும் தேர்தலில் சொல்லாததை, ஆட்சியைத் தீர்மானிக்காத தேர்தலில் சொன்னார்கள்.

அடுத்த வருடமே ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் இடைத்தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் வின்னி யூயிங் வென்றார். இரண்டு தோல்விகளுக்குப் பிறகு லேபர் அரசு சும்மா இருக்க முடியவில்லை. 1969-இல் அரசியலமைப்பு ஆணையம் அமைத்தது. அது 1973-இல் தந்த பரிந்துரைகளிலிருந்துதான் ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டமன்றங்களின் கதை தொடங்குகிறது.

பிறகு வேல்ஸுக்குச் சட்டமன்றம் உடனே கிடைத்ததா?

இல்லை. 1979 மார்ச் 1 வாக்கெடுப்பில் வேல்ஸ் மக்களே நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி கேட்டபோது, வேண்டாம் என்ற பக்கமே இரவு முழுவதும் முன்னிலையில் இருந்தது. கடைசியாக ஒரே ஒரு மாவட்ட முடிவு பாக்கி. அது கார்மார்தன்ஷயர். அந்த முடிவு வந்ததும் தராசு மறுபக்கம் சாய்ந்தது: மொத்த வேல்ஸிலும் 6,721 வாக்கு அதிகமாக, வேண்டும் என்றானது. 1966-இல் முதல் குரல் கொடுத்த அதே மண், 31 வருடம் கழித்துக் கடைசிச் சொல்லையும் சொன்னது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

2025-இல் கேர்ஃபிலி இடைத்தேர்தலை ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசினார்கள்?

கேர்ஃபிலி தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. 1918-இல் நாடாளுமன்றத் தொகுதியாக உருவானதிலிருந்து லேபர் கட்சியைத் தவிர வேறு யாரும் வென்றதில்லை. 1999-இல் வேல்ஸ் சட்டமன்றம் வந்தபோதும் அப்படியே. 1997 வாக்கெடுப்பை முன்னின்று நடத்திய அமைச்சர் ரான் டேவிஸும் இந்தத் தொகுதியின் எம்.பி.தான்.

ஒரே ஒருமுறை கோட்டை ஆடியது: 1968 ஜூலை இடைத்தேர்தல். பிளைட் கம்ரியின் ஃபில் வில்லியம்ஸ் 2,000-க்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அப்போது அந்தப் பள்ளத்தாக்குகளின் மனநிலை என்னவென்று நினைத்துப் பாருங்கள். 1966 அக்டோபர் 21 அன்று, பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள ஆபர்ஃபானில், சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். மீதமிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்கு, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை 1968-இல் அரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் 1997-இல்தான் திரும்பி வந்தது. ஒரு இடைத்தேர்தலில் வாக்குகள் இடம்மாறியதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ரோண்டாவிலும் கேர்ஃபிலியிலும் லேபர் வீடுகள் முதன்முறையாக வேறு கதவைத் தட்டிப் பார்த்தன.

2025 அக்டோபர் 23 அன்று நடந்தது வேல்ஸ் சட்டமன்றமான செனெத்துக்கான இடைத்தேர்தல். லேபர் உறுப்பினர் ஹெஃபின் டேவிட் இறந்ததால் வந்தது. முன்பே வந்துபோன தொலைக்காட்சிக் குழுக்கள் ரிஃபார்ம் யுகேதான் பிடிக்கும் என்று பேசின. வென்றவர் பிளைட் கம்ரியின் லிண்ட்சே விட்டில், 47 விழுக்காட்டுக்கும் மேல். ரிஃபார்ம் 36, லேபர் வெறும் 11. வாக்களித்தவர்கள் பாதிக்குச் சற்று அதிகம். செனெத் இடைத்தேர்தலுக்கு அது பெரிய கூட்டம்.

விட்டில் யார் என்பதைக் கவனியுங்கள். 1976 முதல் அந்த ஊர்க் கவுன்சிலர். 1983 முதல் இந்தத் தொகுதியில் நின்று நின்று தோற்றவர். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்தத் தெருவில் பேருந்து நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தெரிந்தவர். வெற்றியைக் கட்சியின் அலை என்று எழுதியவர்கள் பலர். அரை நூற்றாண்டு ஒரே தெருக்களில் நடந்த கால்களுக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

கவுன்சில் இடைத்தேர்தல் என்றால்? யாருமே கண்டுகொள்வதில்லையே?

வருடத்தின் பெரும்பாலான வியாழக்கிழமைகளில் எங்காவது ஒரு வார்டில் நடந்துகொண்டுதான் இருக்கும். கவுன்சிலர் இறந்தாலோ, விலகினாலோ, ஆறு மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வராமல் இருந்தாலோ இடம் காலியாகும். அந்தப் பகுதி வாக்காளர் இரண்டே பேர் எழுதிக் கேட்டால் போதும். 35 வேலைநாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். டெபாசிட் கிடையாது. நாடாளுமன்றத்துக்குத்தான் 500 பவுண்ட் டெபாசிட், 5 விழுக்காடு வாங்காவிட்டால் போய்விடும்.

வாக்குப்பதிவு முப்பது விழுக்காட்டைத் தொடுவதே பல வார்டுகளில் அபூர்வம். அதனால்தான் இரண்டு தெருக்கள் சேர்ந்து நினைத்தால் முடிவை மாற்றிவிட முடிகிறது. நூலகத்தை மூடுவது, குப்பை வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், முதியோர் பராமரிப்பு, சாலைக் குழி, வீட்டுமனை அனுமதி எல்லாம் கவுன்சில் கையில் இருக்கின்றன. லிபரல் கட்சிக்காரர்கள் 1970-களில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். லிவர்பூலில் தொடங்கி, வீட்டு வாசலில் போடும் ஒற்றைத் தாள் செய்திமடலை வைத்தே நகரசபைகளைப் பிடித்தார்கள். உங்கள் கையில் இருக்கும் துண்டறிக்கையில் ஒரு குழியைக் குனிந்து சுட்டிக்காட்டும் வேட்பாளர் படம் இருக்கிறதல்லவா, அதன் மூதாதை அதுதான்.

எங்கள் ஏரியாவில் சிலர் வெள்ளை ரோஜாக் கொடி ஏற்றுகிறார்கள். கவுன்சில் வண்டியில் ஓல்டம் என்று இருக்கிறது. நாங்கள் இருப்பது எந்த மாவட்டம்?

வெள்ளை ரோஜா யார்க்‌ஷயரின் சின்னம். ஆகவே சாடில்வர்த்தில் இருக்கிறீர்கள் என்று புரிகிறது. அப்பர்மில், டாப்கிராஸ், டெல்ஃப், டிக்கிள், கிரீன்ஃபீல்ட் என்று மலையிடுக்கில் சிதறிக் கிடக்கும் ஊர்கள். மலையின் மேற்குப் பக்கம் இருந்தாலும் பல நூற்றாண்டுகளாக யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங்கைச் சேர்ந்தவை. ரைடிங் என்றால் மூன்றில் ஒரு பங்கு. வைக்கிங் காலத்துச் சொல். வடக்கு, கிழக்கு, மேற்கு என்று யார்க்‌ஷயருக்கு மூன்று.

1972-இல் போட்ட உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ரைடிங்குகள் ஒரே நாளில் போயின. ஹம்பர்சைட், கிளீவ்லாந்து, ஏவன் என்று யாரும் கேட்டிராத மாவட்டங்கள் முளைத்தன. சாடில்வர்த் கிரேட்டர் மான்செஸ்டருக்குள், ஓல்டம் கவுன்சிலுக்குக் கீழே போனது. நிர்வாகத்துக்குத்தான் இந்த எல்லை, பழைய பற்றுகளை மாற்றும் எண்ணம் இல்லை என்று அரசு அப்போது சொன்னது. சொன்னாலும், முகவரியும் குப்பை வண்டியும் மாறும்போது பற்று மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றால் எப்படி? 1975 முதல் ஆகஸ்ட் 1 யார்க்‌ஷயர் நாளாகக் கொண்டாடப்படுவதே இந்த மாற்றத்துக்கு எதிர்ப்பாகத்தான். சாடில்வர்த்திலும் அன்று கொடி ஏறும்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு உதாரணம். யார்க்‌ஷயர் அணியில் ஆட, யார்க்‌ஷயரின் பழைய எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 1974-இல் கவுன்சில் எல்லை மாறியபோதும் கிரிக்கெட்டின் எல்லை மாறவில்லை. 1992-இல் அந்த வழக்கத்தைத் தளர்த்தியபோது, வெளிநாட்டு வீரராக முதலில் உள்ளே வந்தவர் 19 வயது சச்சின் டெண்டுல்கர்.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: வரி கட்டுவது ஓல்டத்துக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசும்போது யார்க்‌ஷயர். இரண்டும் உண்மை.

சாடில்வர்த்தில் நீதிமன்றமே தேர்தலை ரத்து செய்ததாமே?

ஆம். 2010 பொதுத்தேர்தலில் ஓல்டம் ஈஸ்ட் அண்ட் சாடில்வர்த்தில் லேபரின் ஃபில் வூலஸ் 103 வாக்கில் வென்றார். எதிர்த்து நின்ற லிபரல் டெமாக்ரட் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றி உண்மையல்லாததைத் துண்டறிக்கையில் அச்சிட்டார் என்று வழக்கு. விசாரணை லண்டனில் நடக்கவில்லை. அப்பர்மில்லில் உள்ள சிவிக் ஹாலில் நடந்தது. நடனமும் நாடகமும் நடக்கும் மண்டபத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்ந்தார்கள். 2010 நவம்பர் 5 அன்று தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இந்தக் காரணத்துக்காக ஒரு எம்.பி.யின் தேர்தல் ரத்தானது 99 வருடத்தில் அதுவே முதல்முறை. 2011 ஜனவரி 13 இடைத்தேர்தலில் லேபரின் டெபி ஆப்ரஹாம்ஸ் 3,558 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது வேறு. வெள்ளையர் வாக்காளர்களைக் கோபப்படுத்த வேண்டும் என்று பிரசாரக் குழுவுக்குள் எழுதிக்கொண்டது விசாரணையில் வெளிவந்தது. 2001 இனக் கலவரத்தை மறக்காத ஓல்டத்தில் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஊர்ப்பற்று நல்ல விறகு. சமைக்கவும் எரியும், கூரையையும் எரிக்கும். அப்பர்மில் மண்டபத்தில் அதற்கு ஒரு தண்டனை கிடைத்ததில் எனக்கு நிம்மதி உண்டு.

யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு இவ்வளவு பற்று இருக்கிறதென்றால் யார்க்‌ஷயர் கட்சி ஏன் ஜெயிப்பதில்லை?

கட்சி இருக்கிறது. 2014-இல் யார்க்‌ஷயர் ஃபர்ஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது. 2021 மேற்கு யார்க்‌ஷயர் மேயர் தேர்தலில் மூன்றாமிடம் வந்தது. எம்.பி. ஒருவர்கூட வந்ததில்லை.

எனக்குத் தோன்றும் காரணம் இது: யார்க்‌ஷயர் என்பது பெருமை, வேல்ஸ் என்பது பெருமையும் காயமும். தனி மொழி, அது தேய்ந்துபோகும் பயம், நீரில் மூழ்கிய ஊர் எல்லாம் அங்கே வாக்குச்சீட்டு வரைக்கும் கூடவே வருகின்றன. யார்க்‌ஷயர்ப் பற்று கிரிக்கெட் மைதானத்திலும் பேச்சு வழக்கிலும் நிறைவடைந்துவிடுகிறது. தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் மெபியன் கெர்னோ என்ற கட்சி 1951 முதல் இருக்கிறது. கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக 2014-இல் அரசே ஏற்றது. என்றாலும் அந்தக் கட்சிக்கு 2025-இல் 87 கவுன்சில் இடங்களில் கிடைத்தது 3. கடைசி நிமிடத்தில், யார் வரக்கூடாது என்ற கணக்கு உள்ளூர்க் கட்சியை விழுங்கிவிடுகிறது.

யார்க்‌ஷயர் முழுவதற்கும் ஒரே மேயர் கேட்டார்களாமே?

பெரும்பாலான கவுன்சில்கள் சேர்ந்து கேட்டன. 2017 டிசம்பரில் பார்ன்ஸ்லியிலும் டான்காஸ்டரிலும் மக்களைக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 85 விழுக்காட்டினர் முழு யார்க்‌ஷயர்தான் வேண்டும் என்றார்கள். 2019-இல் அரசு மறுத்துவிட்டது. இப்போது தெற்கு, மேற்கு, யார்க் மற்றும் வடக்கு, ஹல் மற்றும் கிழக்கு என்று நான்கு மேயர்கள். பழைய ரைடிங்குகளைவிட ஒரு துண்டு அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்துக்கு வட்டார மன்றம் வேண்டுமா என்று கேட்டபோது 78 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். நியூகாசில் மக்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காற்றடைத்த வெள்ளை யானை பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோய், இதுவும் சும்மா தீனி போட வேண்டிய ஒன்றுதான் என்று எதிரணி காட்டியது. அதிகாரமே இல்லாத மன்றத்தைக் கொடுத்து அடையாளம் என்று பெயர் வைத்தால் மக்கள் ஏமாறுவதில்லை.

இழந்த பெயரை மீட்ட ஊர் உண்டா?

ரட்லாந்து. இங்கிலாந்தின் மிகச் சிறிய பழைய மாவட்டம். 1974-இல் லெஸ்டர்ஷயருக்குள் கரைத்தார்கள். விடாமல் கேட்டு, 1997 ஏப்ரல் 1 அன்று தனியாகத் திரும்பி வந்தது. ஹம்பர்சைட், ஏவன், கிளீவ்லாந்து மூன்றும் அதற்கு முந்தைய வருடமே கலைக்கப்பட்டுவிட்டன. ஆனால் 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு ஒரு கவுன்சில் என்ற அளவை முன்வைத்தது. ரட்லாந்தில் இருப்பவர்கள் ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை.

நாங்கள் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்திய பாஸ்போர்ட். நாங்கள் வாக்களிக்கலாமா?

தாராளமாக. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். காமன்வெல்த் குடிமக்கள் முறையான விசாவில் இங்கே குடியிருந்தால், 18 வயது நிறைந்திருந்தால், கவுன்சில் தேர்தல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் வரை எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவாக இருந்தாலும் சரி. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்ற பிறகு வேட்பாளராகவே நிற்கலாம். வேல்ஸில் செனெத்துக்கும் கவுன்சிலுக்கும் 16 வயதிலேயே வாக்களிக்கலாம். அங்கே சட்டப்படி குடியிருக்கும் எந்த நாட்டவரும் வாக்களிக்கலாம்.

பெயர் பதிய, வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு வரை நேரம் உண்டு. இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தலுக்கும், எங்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் செல்லும். வேல்ஸில் கவுன்சில், செனெத் தேர்தல்களுக்கு அடையாள அட்டை தேவையில்லை.

நம்மவர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்பீர்கள். 2024-இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்ற உமா குமரன் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள். இந்த நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண்.

வந்தேறிகளான நமக்கு யார்க்‌ஷயரோ வேல்ஸோ எப்படிச் சொந்தமாகும்?

இதை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிராட்ஃபோர்டில் பிறந்து யார்க்‌ஷயர் வழக்கில் பேசும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. கார்டிஃப் பள்ளிகளில் வெல்ஷ் மொழியில் பாடம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் வராது. ஒரு மொழி அழிந்துவிடுமோ என்ற பயத்தையும், நம் ஊர்ப் பெயரை வேறொருவர் தீர்மானிக்கும் வலியையும் நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ட்ரவெரின் சுவரைப் பற்றிச் சொன்னபோது ஒரு யாழ்ப்பாணத்து ஐயா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "தம்பி, அந்தச் சுவர் எங்க இருக்கு, ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போறியா?" என்றார். போய் வந்தோம்.

வேல்ஸில் இனி இடைத்தேர்தலே கிடையாதாமே?

செனெத்துக்குக் கிடையாது. நாடாளுமன்றத்துக்கும் கவுன்சிலுக்கும் இருக்கும். 2026 மே தேர்தலிலிருந்து செனெத்தில் 96 உறுப்பினர்கள், 16 பெரிய தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர். கட்சிக்கு வாக்களிக்க வேண்டும். கட்சி தந்த வரிசைப்படி இடம். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, அதே பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருவார். பட்டியலில் ஆள் இல்லை என்றால் அடுத்த தேர்தல் வரை இடம் காலி.

விகிதாசாரம் நியாயமான முறை என்பதை மறுக்கவில்லை. பத்தில் மூன்று பேரின் வாக்கை வைத்து ஒரு தொகுதியையே அள்ளும் பழைய முறையைவிட மேல். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கேர்ஃபிலி இப்போது பிளைனாய் க்வென்ட் கேர்ஃபிலி ரிம்னி என்ற நீளப் பெயருக்குள் இருக்கிறது. ஐந்து வாரப் பிரசாரத்தில் ஒரே ஒரு பள்ளத்தாக்கை நோக்கி நாடு முழுவதும் திரும்பிப் பார்க்க, அங்கே 1976 முதல் கதவு தட்டிய ஒரு மனிதர் மேடையேறிய அந்த அக்டோபர் இரவு, இந்த முறையில் நடந்திருக்காது. பட்டியலில் அடுத்திருந்த பெயரை ஒரு அதிகாரி கடிதத்தில் எழுதி அனுப்பியிருப்பார்.